புகையையும் பொருளாக்கியவர்

மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லாவில் நூற்றாண்டு கண்ட சந்தை ஒன்று உள்ளது. தேவராஜ சந்தை எனப்படும் அவ்விடத்தில் மல்லிகை, வெற்றிலை, வாழை ஆகியவற்றின் மணத்தோடு சந்தன எண்ணெயின் மணமும் கலந்து வீசும். சந்தையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கிருஷ்ணராஜ வட்டம் வரும். அங்கே விதானத்தின் கீழ் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சிலை நிற்கிறது. அம்மன்னரிடம் 1912 முதல் 1918 வரை திவானாகப் பணியாற்றியவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. அணை கட்டிய பொறியாளர் என்றே பலரும் அவரை அறிவர். நெருப்பையும் புகையையும் நாட்டின் செல்வமாக மாற்ற அவர் மேற்கொண்ட அரும்பணியை அறிந்தோர் சிலரே.

இளமையும் கல்வியும்

பெங்களூருக்கு வடக்கே, சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், 1860-களின் தொடக்கத்தில், செப்டம்பர் 15 ஆம் நாள் விசுவேசுவரய்யா பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி அறிஞர். பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்த சிறுவர், வறுமையோடு போராடிக் கற்றார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றபோது, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவைத் தாமே ஈட்டினார். 1881 இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று தேர்ந்தார். 1884 இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் பொறியாளராகச் சேர்ந்தார்.

புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் மிகும்போது தாமே திறந்துகொள்ளும் மதகுக் கதவுகளை அவர் அமைத்தார். அதற்கு 1903 இல் காப்புரிமையும் பெற்றார். 1908 இல் மூசி ஆற்று வெள்ளத்தால் ஐதராபாத் நகரம் பேரழிவுக்கு உள்ளானபோது, நகரைக் காக்கும் திட்டத்தை வகுத்தளித்தார். 1909 இல் மைசூர் நாட்டின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நெருப்பில் பிறந்த அணை

அக்காலத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரத்தால் இயங்கின. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் பல அச்சுரங்கங்களில் உழைத்தன. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். சுரங்க வேலையும் தடைப்படும். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒருங்கே பயன்படும் வகையில், கண்ணம்பாடியில் பேரணை ஒன்றை எழுப்பும் திட்டத்தை விசுவேசுவரய்யா முன்வைத்தார். 1911 இல் பணி தொடங்கியது. இன்று கிருஷ்ணராஜ சாகர் எனப்படும் அந்த அணையின் உயரம் ஏறத்தாழ 130 அடி.

அவ்வணையைக் கட்டச் சிமெண்டு பயன்படவில்லை. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கி என்னும் சாந்தே கற்களைப் பிணைத்தது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். களிமண்ணைச் சூளையில் சுட்டால் செங்கல் கிடைக்கும். காவிரி நீரைத் தேக்கி நிற்கும் அந்த அணையும் ஒருவகையில் நெருப்பில் பிறந்ததே.

சந்தனம் காட்டிய வழி

மைசூர்க் காடுகளின் சந்தனக் கட்டைகள் முன்பு ஏலத்தில் விற்கப்பட்டு, பெரும்பகுதி ஜெர்மனிக்குச் சென்றன. எண்ணெய் வடித்து ஈட்டிய வருவாய் அயல்நாட்டவர் கைக்கே போயிற்று. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டதும் அவ்வணிகம் நின்றது. கட்டைகள் விற்பனையாகாமல் தேங்கின. இந்த இடரை வாய்ப்பாக மாற்றியது விசுவேசுவரய்யாவின் அரசு. சந்தன எண்ணெயை இங்கேயே வடிக்கும் ஆலை 1916 இல் பெங்களூரிலும் மறு ஆண்டு மைசூரிலும் தொடங்கப்பட்டது. மூலப்பொருளை விற்று வாழும் நாடு வறுமையிலேயே உழலும். அதைச் செய்பொருளாக்கும் நாடே வளம்பெறும் என்பது அவர் கொண்ட உறுதி. 1898 இல் ஜப்பானுக்குச் சென்று கண்ட காட்சிகள் அவ்வுறுதிக்கு வித்திட்டன.

காடும் இரும்பும்

பாபாபூதன் மலைத்தொடரில் கெம்மண்ணுகுண்டி என்னும் இடத்தில் உயர்ந்த இரும்புக்கனிமம் உண்டு. கெம்மண்ணு என்னும் கன்னடச் சொல்லின் பொருள் செம்மண். கனிமத்திலிருந்து இரும்பைப் பிரிக்க வெப்பமும் கரியும் வேண்டும். ஆனால் மைசூர் நாட்டில் நிலக்கரி இல்லை. வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நெடுந்தொலைவு கொண்டுவந்தால் செலவு கட்டாது. இருந்தது மலைநாட்டுக் காடு மட்டுமே. ஆகவே மரக்கரியால் இரும்பு உருக்கும் ஆலையை அமைக்க விசுவேசுவரய்யா முடிவு செய்தார். அதற்குப் பத்ரா ஆற்றங்கரையில் இருந்த பெங்கிபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கன்னடத்தில் பெங்கி என்றால் நெருப்பு. அவ்வூரே இன்றைய பத்ராவதி.

நாட்டுப்புறத்தில் கரிமூட்டம் போடுவோர் விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே மெல்லக் கனியவிடுவர். கரி கிடைக்கும், ஆனால் கண்ணெரிக்கும் புகை ஊரெங்கும் பரவும். அப்புகையில் பயனுள்ள பொருள்கள் பல கரைந்து வீணாகின்றன. பத்ராவதி ஆலை இதற்கு மாற்றுவழி கண்டது. காற்றுப் புகாத இரும்புக் கலங்களில் மரத்தை அடைத்துச் சூடேற்றினர். காற்று இல்லாததால் மரம் எரியாமல் கரியாகியது. வெளிவந்த ஆவியைக் குழாய்களில் செலுத்திக் குளிரவைத்தனர். அதிலிருந்து மர எரிசாராயமும், அசிட்டிக் அமிலமும், தாரும் பிரிந்தன. குளிர்ந்தும் நீர்மமாகாத வாயு எரிபொருளாயிற்று. ஊரைக் கெடுக்க வேண்டிய புகை விலைபோகும் பொருளாக மாறியது. இதனாலேயே அவ்வாலைக்கு மைசூர் மரவடிப்பு இரும்பாலை என்று பெயர் அமைந்தது.

இவ்வாறு கிடைத்த மரக்கரி ஊதுலைக்குச் சென்றது. உலையின் வாய்வழியே இரும்புக்கனிமம், மரக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கொட்டுவர். அடியிலிருந்து சூடான காற்றை ஊதுவர். கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயு, கனிமத்திலுள்ள ஆக்சிசனைக் கவர்ந்துகொள்ளும். எஞ்சிய இரும்பு உருகி அடியில் தேங்கும். சுண்ணாம்பு, கனிமத்தின் மாசுகளோடு கூடிக் கசடாக மேலே மிதக்கும். மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு. ஆதலால் அதனால் உருக்கிய இரும்பும் தூய்மை மிக்கது.

சோதனையில் உறுதி

திட்டம் ஒப்புதல் பெற்ற 1918 ஆம் ஆண்டிலேயே, கருத்து வேறுபாடு காரணமாக விசுவேசுவரய்யா திவான் பதவியைத் துறந்தார். ஆலை இயங்கத் தொடங்கியது 1923 இல். அதற்குள் போர் முடிந்து, இரும்பின் விலை வீழ்ந்துவிட்டது. அதே 1923 இல், மர எரிசாராயத்தை மரமே இன்றி வாயுக்களிலிருந்து ஆக்கும் முறை ஜெர்மனியில் தொழிலளவில் நடைமுறைக்கு வந்தது. இரும்புக்கும் விலையில்லை, துணைப்பொருளுக்கும் போட்டி. அரசுப் பணம் நெருப்பில் கொட்டப்படுவதாகப் பலர் குறைகூறினர். ஆலையை மூடிவிடலாம் என்ற குரலும் எழுந்தது.

இந்நிலையில் ஆலையின் நிருவாகக் குழுத் தலைமையை ஏற்குமாறு அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. அறுபது வயதைக் கடந்திருந்த அவர் ஒதுங்கிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. எனினும் தாம் தொடங்கிய பணியின் பழியைப் பிறர் தலையில் விட்டுச்செல்ல அவர் விரும்பவில்லை. 1923 முதல் 1929 வரை அப்பொறுப்பைச் சுமந்தார். ஒவ்வொரு செலவையும் கணக்கிட்டுக் குறைத்தார். அயல்நாட்டு வல்லுநர் வகித்த பணிகளுக்கு இந்நாட்டு இளைஞரைப் பயிற்றுவித்தார். இரும்பை வெறும் கட்டியாக விற்பதோடு நில்லாமல், குழாய்களாக வார்த்து விற்கவும் வழிசெய்தார். ஆலை மூடப்படவில்லை. பின்னாளில் எஃகும் சிமெண்டும் பத்ராவதியில் உருவாயின. வேலை தேடி வந்த பல மொழியினரோடு தமிழ்க் குடும்பங்களும் அங்கே வேரூன்றின.

இப்பணிக்காகத் தமக்கு வரவேண்டிய ஊதியத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இளைஞர்கள் கைத்தொழில் கற்கும் நிலையம் அமைக்க அதை அளித்தார். பெங்களூரில் 1943 இல் தோன்றிய அந்நிலையத்துக்குத் தம் பெயரைச் சூட்டாமல், மன்னர் ஜயசாமராஜேந்திரரின் பெயரையே சூட்டச் செய்தார்.

மின்வில்லின் ஒளி

மரக்கரி உலைக்கு ஒரு குறை இருந்தது. உலை அணையாதிருக்க வேண்டுமாயின் காடு அழிந்துகொண்டே இருக்கும். அதற்கும் தீர்வு பிறந்தது. ஜோக் அருவியின் நீரிலிருந்து மின்சாரம் கிடைத்தபின், 1950-களில் பத்ராவதியில் மின் உலைகள் நிறுவப்பட்டன. அவ்வுலையில் தடித்த மின்முனைகளின் வழியே பெருமின்னோட்டம் பாயும். முனைக்கும் கனிமத்துக்கும் இடையே மின்வில் தோன்றும். அங்குள்ள வாயு, அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்து பேரொளி வீசும். இந்நிலைக்கே பிளாஸ்மா என்று பெயர். வானில் வெட்டும் மின்னலும் பிளாஸ்மாவே. வெப்பத்தை மின்சாரம் தருவதால், கனிமத்தின் ஆக்சிசனை நீக்குவதற்கு மட்டும் கரி போதும். ஒரு டன் இரும்புக்காக வெட்ட வேண்டிய மரத்தின் அளவும் குறைந்தது.

பிளாஸ்மா மாசையும் நீக்கும். அமெரிக்க அறிஞர் காட்ரெல், உயர் மின்னழுத்தம் உள்ள கம்பியைப் புகைபோக்கியில் அமைத்து, கம்பியைச் சூழ்ந்த காற்றை அயனியாக்கினார். மின்னேற்றம் பெற்ற தூசு பக்கத்துத் தகடுகளில் ஒட்டிக்கொள்ள, தெளிந்த காற்று வெளியேறியது. இன்று உலகெங்கும் அனல்மின் நிலையங்களில் இம்முறை பயன்படுகிறது. புகையை வீணே வெளிவிடக் கூடாது என்னும் எண்ணத்தில் காட்ரெலும் பத்ராவதியும் ஒன்றுபடக் காண்கிறோம்.

நிறைவு

விசுவேசுவரய்யாவுக்கு 1955 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த அவர் 1962 ஏப்ரல் மாதத்தில் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15 ஆம் நாள் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பத்ராவதி ஆலை பின்னர் அவர் பெயரையே தாங்கியது. தம் பெயரை எதற்கும் சூட்ட விரும்பாதவரின் பெயரை, அவர் காத்த நெருப்பே நிலைநிறுத்தியது.

சொற்பொருள்

திவான் – தலைமை அமைச்சர்
மதகு – நீர் வெளியேறும் வழி
கரிமூட்டம் – விறகைக் கரியாக்கும் மண்மூடிய குவியல்
ஊதுலை – காற்றை ஊதி இரும்பு உருக்கும் உலை
கசடு – உருக்கும்போது பிரியும் கழிவு
இடர் – துன்பம்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ) கிருஷ்ணராஜ சாகர் அணையில் கற்களைப் பிணைத்த சாந்து ________.
ஆ) பத்ராவதியின் பழைய பெயர் ________.

2. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
அ) மைசூர் நாட்டில் மரக்கரியால் இரும்பு உருக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது?
ஆ) மரத்தைக் காற்றுப் புகாத கலத்தில் சூடேற்றினால் கிடைக்கும் பொருள்கள் யாவை?

3. சிந்தித்து எழுதுக.
இழப்பில் நடந்த ஆலையை மூட வேண்டும் என்றோர் கருத்திலும் நியாயம் உண்டா? உன் எண்ணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

4. செயல்பாடு
உன் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழிலுக்காக இங்கு வந்தனர் எனக் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் கூறுக.