டோல்கேட்டில் பிறந்த கிளாஸ்

ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதினவங்களுக்கு இந்த வலி தெரியும். லாகின் பட்டனோட ஐடியை யாரோ மாத்திடுவாங்க, அன்னிக்கு முப்பது டெஸ்ட் சிவப்பாயிடும். நான் முப்பது ஃபைலையும் உட்கார்ந்து திருத்தினேன். அப்புறம்தான் புத்தி வந்து, ஜாவாஸ்கிரிப்ட்ல லாகின் பேஜுக்குன்னு ஒரு கிளாஸ் எழுதினேன். பட்டன் எங்கே, எப்படி உள்ளே போகணும், எல்லாம் அதுக்குள்ளே ஒரே தடவை. அடுத்த முறை ஐடி மாறினப்போ ஒரு வரிதான் திருத்தினேன்.

இந்த கிளாஸை யோசிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்டன் நைகார்ட். 1926-ல் நார்வேயின் ஆஸ்லோவில் பிறந்தவர், கணிதக்காரர். 1948-லிருந்து ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்துட்டு, 1960-ல் நார்வே கம்ப்யூட்டிங் சென்டருக்கு வந்தார். தொழிற்சாலை, கியூ, போக்குவரத்து மாதிரி விஷயங்களை விவரிக்க ஒரு மொழி வேணும், அதை மனுஷனும் படிக்கணும், கம்ப்யூட்டரும் ஓட்டணும் என்பதுதான் அவர் ஆசை. அதை ஓடுற மொழியாக்க அவரோட சேர்ந்தவர் ஓலே-யோஹான் டால். மொழிக்குப் பேர் சிமுலா.

ரெண்டு பேரும் பேசினா சத்தம் தாங்காது. 1967-ல் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர், மாடியில் கரும்பலகை முன்னாடி ரெண்டு பேர் பயங்கரமா சண்டை போடுறாங்கன்னு பதறி ஓடி வந்தாராம். டெலிபோன் ஆபரேட்டர் காது கொடுத்துக் கேட்டுட்டு, பயப்படாதீங்க, அவங்க சிமுலா பத்திப் பேசிக்கிறாங்க, அவ்வளவுதான்னு சொல்லி அனுப்பினாராம்.

அவங்களைக் குழப்பினது ஒரு பாலம், அதில் ஒரு டோல்கேட். கியூவில் லாரியும் நிக்குது, பஸ்ஸும் நிக்குது. கியூவுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா லாரிக்கு சரக்கு உண்டு, பஸ்ஸுக்கு பயணிகள் உண்டு. பொதுவானதை ஒரு தடவை எழுதி, தனித்தனியானதை மேலே சேர்த்தா என்ன? அதுதான் சிமுலா 67-ன் கிளாஸும் சப்கிளாஸும். இன்னிக்கு லாகின் பேஜ், கார்ட் பேஜ் ரெண்டையும் ஒரே பேஸ் பேஜிலிருந்து நீட்டி எழுதுறோமே, அதே டோல்கேட்தான். ஜாவாஸ்கிரிப்டுக்கு கிளாஸுங்கிற எழுத்துமுறை 2015-ல்தான் வந்தது, அதுவும் உள்ளே ப்ரோட்டோடைப்பை வச்சுத்தான் ஓடுது.

எனக்கு அவரைப் பிடிச்சதுக்குக் காரணம் இதுக்கு அப்புறம் நடந்தது. தொழிற்சாலைக்குள்ள கம்ப்யூட்டர் நுழைஞ்சா யார் வேலை எப்படி மாறும்? விவரிக்கக் கத்துக்கொடுத்த மனுஷனுக்கு இந்தக் கேள்வி விடல. 1970-களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோட சேர்ந்து உழைச்சார். புது சிஸ்டம் வரும்போது தொழிலாளிக்கும் தெரியணும், அவனும் பேசணும் என்பது ஒப்பந்தமாகவே ஆச்சு. 1990-களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக்கூடாதுன்னு நடந்த இயக்கத்துக்கும் தலைவர். 1994 வாக்கெடுப்பில் நார்வே வேண்டாம்னு சொல்லிடுச்சு.

2001-ம் ஆண்டுக்கான டூரிங் விருது ரெண்டு பேருக்கும் சேர்த்தே கிடைச்சது. 2002 ஜூன் 29-ல் டால் போனார். ஆறு வாரம் கழிச்சு, ஆகஸ்ட் 10-ல் நைகார்ட்.