சேற்றைக் கிளறிய வோல்டா

மின்சாரம் படித்த மாணவர் எவரும் 'வோல்ட்' என்ற சொல்லை அறிவர். அச்சொல்லுக்குரிய பெரியாரிடம் எனக்குப் பற்று உண்டானதோ வேறொரு காரணத்தால். அவர் ஒரு நாள் கோலெடுத்துச் சேற்றைக் கிளறினார்!

அலெஸாண்ட்ரோ வோல்டா 1745-இல் இத்தாலி நாட்டுக் கோமோ நகரிலே பிறந்தவர். நான்கு வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை என்பர். 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அங்கேராவில், நாணல் அடர்ந்த ஓரத்தில் அடிச்சேற்றைக் குத்தினார். குமிழிகள் எழுந்தன. நீர் நிரப்பிய குப்பியைக் கவிழ்த்து அவற்றைப் பிடித்துத் தீயைக் காட்டினார். நீலச் சுடர் விட்டு எரிந்தது. எத்தனை தலைமுறையினர் அக்குமிழிகளைக் கண்டிருப்பர்! பிடித்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அமிலத்தில் உலோகத்தை இட்டால் வரும் எரிவாயுவினின்று இது வேறு என்றும், அழுகிய செடிகொடிகளிலிருந்து பிறப்பது என்றும் அவர் தெளிந்தார். இன்று நாம் மீதேன் என்பது அதுவே.

பவியாவிலே பேராசிரியர் பதவி, 1800-இல் அறிவித்த மின்கல அடுக்கு, நெப்போலியன் தந்த பிரபுப் பட்டம் ஆகியவை பாடநூலில் உள்ளவை. 1827-இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

குமிழிகள் நிற்கவில்லை. வோல்டா காலத்துக் காற்றிலே நூறு கோடிக்கு ஏறக்குறைய 700 பங்காக இருந்த மீதேன் இன்று 1900-ஐத் தாண்டிவிட்டது. ஏறியதில் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், கால்நடை, நெல்வயல், குப்பை என்று நம் கணக்கிலே சேர்வது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு இது. இயற்கை தருவதில் சதுப்பு நிலத்துக்கே முதலிடம். காற்றுப் புகாத சேற்றிலே நுண்ணுயிர்கள் இதை ஆக்குகின்றன. சேறு சூடேறினால் அவை இன்னும் விரைந்து உழைக்கும். அதனால் வெப்பம் மேலும் ஏறும். வட்டிக்கு வட்டி போன்ற கதைதான். ஆலையை மூடலாம், சதுப்புக்கு யார் பூட்டுப் போடுவது?

நீரை வடித்துவிட்டால் போயிற்று என்றார் என் அறை நண்பர். அழுகிய தழை நூற்றாண்டுகளாகப் படிந்த சதுப்பை வடித்தால், அது காற்றுப் பட்டுக் கரியமில வாயுவைக் கக்கும். மீனும் பறவையும் போய்விடும். அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று, மார்கழியில் விடுதிக் குளத்துக்கு அழைத்துச் சென்று மூங்கிலால் குத்தினேன். இவ்வூர்க் குளிரிலே இரண்டொரு குமிழிகளே வந்தன. நண்பர் நகைத்தார். சித்திரை வெயிலிலே அதே இடத்தில் மீண்டும் குத்தினோம். சோடாப் புட்டியைத் திறந்தாற்போலப் பொங்கிற்று.