சங்கானைச் சுவர்களும் பல்தேயஸ் பாதிரியாரும்

சங்கானையில் கூரையின்றி நிற்கும் பழைய தேவாலயச் சுவர்கள் போர்த்துக்கேயர் காலத்தவை. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. குடாநாட்டில் இத்தகைய தேவாலயங்கள் பல இருந்தன. அவற்றின் தோற்றத்தை இன்று நாம் அறிவதற்கு முக்கிய காரணமானவர் பிலிப்பஸ் பல்தேயஸ்.

1632 இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் பிறந்த இவர், இறையியல் கற்று ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் பாதிரியாரானார். 1658 இல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. வென்ற படையோடு வந்தவர்தான் பல்தேயஸ்.

கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தேவாலயங்கள் புதிய ஆட்சியாளரின் சபைக்கு மாறின. அதற்கு முன்னர் போர்த்துக்கேயர் இங்கிருந்த சைவக் கோயில்களை இடித்திருந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குள் இரண்டு தடவை எம் முன்னோரின் வழிபாடு அதிகாரத்தால் மாற்றப்பட்டது. இரண்டாவது மாற்றத்தில் பல்தேயஸுக்கும் பங்குண்டு.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் இங்கு பணியாற்றினார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை என ஊர் ஊராகச் சென்றார். போர்த்துக்கேய மொழியில் போதித்தார்; தமிழும் பயின்றார். தேவாலயத்தோடு சேர்ந்த பாடசாலைகளைக் கவனித்தார். திருச்சபையின் பணம் தொடர்பில் கம்பனி அதிகாரிகளுடன் முரண்பட்டார்.

நாடு திரும்பிச் சில ஆண்டுகளில், நாற்பது வயதளவில் காலமானார். 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த அவரது நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களும், ஊர்களின் விபரங்களும், தமிழ் மொழி பற்றிய அறிமுகமும் உள்ளன. இந்து சமயம் பற்றிய பகுதியில், முன்னைய யேசுசபைக் குரு ஒருவரின் கையெழுத்துப் பிரதியைப் பெயர் சொல்லாமலே பயன்படுத்தியிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

காலப்போக்கில் தேவாலயங்கள் சிதைந்தன. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடிபாடுகளையே பொறுப்பேற்றுத் திருத்தினர். சங்கானைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

பல்தேயஸ் எழுதிய மயிலிட்டியிலிருந்து 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்பட்டபோது, திரும்பியவர்களில் பலர் தம் வீடு நின்ற இடத்தையே தேட வேண்டியிருந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய தேவாலயத்துக்குப் படம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த வீதிக்கும் கிணற்றுக்கும் இல்லை. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னமும் எம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஊரின் படத்தை வரைந்து வைப்பது எம் கையில்தான் இருக்கிறது.