மண்ணின் கணக்கை எழுதிய ஜே.சி.குமரப்பா: சாக்கடை எட்டாத தோட்டத்துக் கழிப்பறைக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயியா நீங்கள்? பக்கத்தில் பசுமைக்குடில் இருக்கலாம். வேலையாட்கள் தங்க ஒரு தகர ஷெட் இருக்கலாம். நகரத்தின் பாதாளச் சாக்கடை உங்கள் வரப்பு வரை வரப்போவதில்லை. அந்த வீட்டிலும் ஷெட்டிலும் இருப்பவர்களின் கழிவு எங்கே போகிறது? ஓடைக்கா, போர் தண்ணீருக்கா, மண்ணுக்கா? இந்தக் கணக்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இப்படி ஒரு கணக்கை வாழ்நாள் முழுக்கப் பார்த்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் ஜே.சி.குமரப்பா.

கோட்டு போட்ட கணக்கர்

குமரப்பா 1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். வரவுக்கும் செலவுக்கும் பொருந்தாத ஒரு காசைக்கூட விடாத தொழில் அது. 1927-ல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் நிதி நிர்வாகத்துக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியின் கணக்கு நோட்டைப் புரட்டப் புரட்ட, நாட்டின் செல்வம் எந்த வழியாக வெளியே போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது.

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். அங்கே ஊர் ஊராகப் போய் விவசாயக் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. கார்னீலியஸ் என்ற குடும்பப் பெயருக்குப் பதிலாகக் குமரப்பா என்ற பெயரை வைத்துக்கொண்டார்.

மகன்வாடியில் நடந்த வேலை

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டம்தான் அதன் இடம். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் எல்லாம் அங்கே நடந்தன. கிராமத் தூய்மையும் அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று.

1935-ல் காந்தியும் உடன் இருந்தவர்களும் பக்கத்துக் கிராமமான சிந்திக்கு வாளியோடு போய்த் தெருவில் கிடந்த மலத்தை அள்ளினார்கள். ஒருவர் கழிவை இன்னொருவர் தலையில் சுமக்கும் கொடுமையை அது நேருக்கு நேர் கேள்வி கேட்டது. அள்ளிய கழிவை மண் போட்டு மூடி எருவாக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் வழி.

அந்தக் காலத்தில் அறிவியலும் இதே திசையில் போனது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு, பண்ணைக் குப்பையையும் சாணத்தையும் அடுக்கி மட்க வைக்கும் முறையை வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். 1939-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலக்கழிவையும் பள்ளத்தில் மாறி மாறி அடுக்கி மூடி எருவாக்கும் முறையை உருவாக்கினார். இன்றும் வேளாண் பாடத்தில் பெங்களூர் முறை என்று படிப்பது அதைத்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த முறை அது.

சிறையில் எழுதிய பாடம்

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறை சென்ற குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை ஜபல்பூர் சிறையில் எழுதினார். மாந்தோப்புக்குள் புகுந்த குரங்கு பழத்தைத் தின்னும், தோப்புக்கு எதுவும் செய்யாது. தேனீயும் பூவிலிருந்து எடுக்கிறது. ஆனால் எடுக்கும்போதே மகரந்தம் சேர்த்து அடுத்த காய்ப்புக்கு வழி செய்கிறது. மனிதன் மண்ணிடம் எந்த வகையில் நடந்துகொள்கிறான் என்பதே அந்த நூலின் கேள்வி. டிராக்டரை அவர் சந்தேகத்தோடு பார்த்ததற்கும் இதுவே காரணம்: மாடு உழுதால் சாணமும் மண்ணுக்குத் திரும்பும், டிராக்டர் அதைத் தராது.

1951-ல் சீனாவுக்குப் போய் அங்குள்ள வேளாண்மையைப் பார்த்தார். மனிதக் கழிவைப் பல நூற்றாண்டாக வயலுக்குத் திருப்பி வந்தவர்கள் சீன விவசாயிகள். ஆனால் பச்சையாகப் போட்டதால் குடற்புழு நோயும் அவர்களோடு கூடவே இருந்தது. ஆகவே கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. சத்து மண்ணுக்குத் திரும்ப வேண்டும். கிருமி தண்ணீருக்கும் கைக்கும் காய்கறிக்கும் போகக் கூடாது.

உங்கள் தோட்டத்தில் எப்படிக் கட்டுவது?

தனி வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை பொருத்தமானது. இதற்கான இந்தியத் தர விதி 12314 என்ற எண்ணில் 1987-ல் வந்தது. செய்ய வேண்டியவை இவைதான்:

* ஐந்து பேர் வீட்டுக்கு, ஒவ்வொன்றும் சுமார் 3 அடி விட்டம், 4 அடி ஆழத்தில் இரண்டு குழிகள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 3 அடி இடைவெளி.

* செங்கல் சுவரைத் தேன்கூடு போல ஓட்டை விட்டுக் கட்டுங்கள். அடியில் சிமென்ட் வேண்டாம், மண்ணாகவே இருக்கட்டும்.

* ஒரு குழி நிறைந்ததும் குழாய் பிரியும் தொட்டியில் ஒரு பக்கத்தை அடைத்து, அடுத்த குழிக்குத் திருப்புங்கள். நிறைந்த குழியை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு திறக்காதீர்கள். அதற்குள் அது நாற்றமில்லாத மண்போல ஆகிவிடும்.

* குளிக்கும் தண்ணீர், மழைத் தண்ணீர் குழிக்குள் போகக் கூடாது. குழி மூடி தரைமட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

* கிணறு, போர் இவற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளித் தோண்டுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும் மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் 2 மீட்டர் இடைவெளி இருப்பது நல்லது.

கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை நிலம் என்பதை மறக்க வேண்டாம். குழி தோண்டும்போது வெடிப்புள்ள பாறை தட்டுப்பட்டால் 33 அடிக் கணக்கு செல்லாது. வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வெகுதூரம் ஓடிப் போரில் கலக்கும். அங்கே தரைக்கு மேலே கட்டும் உலர் கழிப்பறையே நல்லது. அதில் மலம் ஒரு தொட்டியில் விழும், ஒவ்வொரு முறையும் மேலே சாம்பல் தூவ வேண்டும். சிறுநீரும் கழுவும் தண்ணீரும் தனித்தனியாக வெளியேறும்.

செப்டிக் டேங்க் கட்டியிருந்தால், அதிலிருந்து வழியும் தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். அந்த ஓடை கடைசியில் ஆற்றில்தான் சேரும். உறிஞ்சு குழிக்குள் விடுங்கள். தொட்டி நிறைந்தால் உரிமம் உள்ள வண்டியைக் கூப்பிடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் உயிரை எடுக்கும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

கழிவு வண்டிக்காரர் இலவச உரம் என்று சொல்லி உங்கள் வயலில் கொட்ட வந்தால் அனுமதிக்காதீர்கள். புதினா, கொத்தமல்லி, தக்காளி, முட்டைக்கோஸ் வயலில் பச்சைக் கழிவு விழுந்தால், புழு முட்டை சந்தை வழியாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். நன்றாக மட்கிய குழி எருவைக்கூட மா, தென்னை, ரோஜாவுக்கு வேரடியில் போட்டு மண்ணால் மூடுங்கள். கீரைக்கு வேண்டாம்.

வேலையாட்கள் ஷெட்டுக்கும் கழிப்பறை கட்டுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். உங்கள் மகசூலில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. தூய்மை இந்தியா இயக்கத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டு வந்தது. இப்போதும் உண்டா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசிக் காலம்

குமரப்பா திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை. கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். காந்தி மறைந்த அதே தேதியில், 1960 ஜனவரி 30-ம் தேதி காலமானார்.

மண்ணிலிருந்து நெல்லும் ராகியும் எடுக்கும் நாம், திருப்பிக் கொடுப்பதை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கு நேராகாது. அதைத்தான் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தில் தோட்டத்தில் புதிதாகக் குழி தோண்டும் வேலை இருந்தால், முதலில் ஒரு டேப்பை எடுத்துப் போரிலிருந்து தூரத்தை அளந்துவிட்டுக் கடப்பாரையைப் போடுங்கள்.