ஜானகி இராமச்சந்திரன்

வைக்கம் நாராயணி ஜானகி என்னும் ஜானகி இராமச்சந்திரன் (நவம்பர் 30, 1923 - மே 19, 1996) தமிழ்த் திரைப்பட நடிகையும், தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சரும் ஆவார். கேரளத்தின் வைக்கத்தில் பிறந்த இவர், மோகினி (1948), மருதநாட்டு இளவரசி (1950) ஆகிய படங்களில் எம். ஜி. இராமச்சந்திரனுடன் நடித்தார், பின்னர் அவரை மணந்தார்.

அரசியல்

1984 இல் எம். ஜி. ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தவாறே ஆண்டிப்பட்டித் தொகுதியில் போட்டியிட்டார். மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு ஆகிய ஊர்கள் அடங்கிய அத்தொகுதிக்குப் பிரசாரத்துக்கு வராமலேயே வெற்றி பெற்றார். 1987 டிசம்பர் 24 இல் அவர் மறைந்ததும் அ.தி.மு.க. இரண்டாகப் பிளவுபட்டது. ஒரு பிரிவினரின் ஆதரவுடன் ஜானகி 1988 சனவரி 7 இல் முதலமைச்சரானார். சனவரி 28 இல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்தில் கலவரம் மூண்டது. சனவரி 30 இல் நடுவண் அரசு இவரது ஆட்சியைக் கலைத்தது. 24 நாட்களே இவர் பதவியில் இருந்தார்.

தோல்வியும் விலகலும்

1989 சட்டமன்றத் தேர்தலில் கட்சியின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. கணவர் வென்ற ஆண்டிப்பட்டியிலேயே புறா சின்னத்தில் நின்ற ஜானகி தோல்வியடைந்தார். இவரது அணி 2 இடங்களையும், சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா அணி 27 இடங்களையும் பெற்றன. இதன்பின் ஜானகி அரசியலில் இருந்து விலகினார். இரு அணிகளும் இணைந்து இரட்டை இலையை மீட்டன. இவர் கொடையளித்த சென்னைக் கட்டடமே கட்சியின் தலைமையகமாக விளங்குகிறது. ஆண்டிப்பட்டியில் பின்னர் ஜெயலலிதா 2002, 2006 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார்.