வேலூர்க் கோட்டையில் வளர்ந்த இளவரசர்

போர்க்களத்தில் பொருத வீரரை வரலாறு மறவாது போற்றுகிறது. போரின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்வோ ஏடுகளில் ஏறுவது அரிது. அத்தகைய பிள்ளைகளுள் ஒருவர், ஷஹீத் திப்பு சுல்தானின் இளைய மைந்தர்களுள் ஒருவரான இளவரசர் குலாம் முஹம்மது.

அவர் 1795இல் பிறந்தபோது அரண்மனை அண்ணன்மாரும் சகோதரியரும் நிறைந்த பெருங்குடும்பமாக இருந்தது. போர் அக்குடும்பத்தை முன்னரே தீண்டியிருந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் பாதியை இழந்த சுல்தான், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்குப் பிணையாகத் தம் மக்கள் அப்துல் காலிக்கையும் முயிஸுத்தீனையும் காரன்வாலிஸிடம் ஒப்படைத்தார். சென்னையில் வைக்கப்பட்ட அச்சிறுவர்கள் 1794இல்தான் வீடு திரும்பினர்.

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுல்தான் களத்தில் உயிர்நீத்தார். சிறுவர் குலாம் முஹம்மது, குடும்பத்தாருடன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். அகழி சூழ்ந்த அக்கோட்டையே அவர் பிள்ளைப்பருவத்தின் உலகம். கும்பினியார் உதவித்தொகை அளித்தனர், காவலும் வைத்தனர்.

1806 ஜூலை 9இல் சுல்தானின் மகள் ஒருவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் படை அன்றே அதனை அடக்கியது. பழி இளவரசர்கள்மீது விழ, அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். மணவீட்டு மகிழ்ச்சி அடங்குமுன் குடும்பம் சிதறியது. ஹைதர் அலியின் துணைவி பக்‌ஷி பேகமும் சுல்தானின் துணைவி பாதுஷா பேகமும் வேலூர் மண்ணிலேயே அடங்கியுள்ளனர்.

கல்கத்தாவில் வளர்ந்து ஆளான குலாம் முஹம்மதுக்கு நிலுவை உதவித்தொகை 1840இல் கிடைத்தது. அவர் 1842இல் தர்மதலாவில் எழிலார்ந்த பள்ளிவாசலை எழுப்பினார். அதன் கல்வெட்டில் இறைவனுக்கு நன்றி கூறியதோடு, தொகை வழங்கிய கும்பினி இயக்குநர்களையும் குறிப்பிட்டார். தந்தையை வீழ்த்தியவர்களை அவ்வாறு நினைவுகூர்ந்தது சிலருக்கு உறுத்தலாம். ஆயினும் நாடிழந்த மைந்தர், தம் கைக்கு வந்த பொருளைக் கொண்டு மக்கள் கூடித் தொழும் இல்லம் ஒன்றைத் தந்தார் என்பதே நிலைத்த உண்மை. 1872இல் அவர் மறைந்தார். அப்பள்ளிவாசல் இன்றும் திப்பு சுல்தான் பெயராலேயே வழங்குகிறது. தந்தையின் பெயரை மகன் எழுப்பிய இறையில்லம் காத்து நிற்கிறது.

மரக்காணம் அருகே கீழ்புத்துப்பட்டில், இலங்கைப் போரால் கடல்கடந்து வந்த குடும்பங்கள் மறுவாழ்வு முகாமில் வாழ்கின்றன. தாம் தொடுக்காத போரின் விளைவைச் சுமந்து வளரும் பிள்ளைகள் எக்காலத்தும் உளர். அவர்களுக்குக் கல்வியும் ஆதரவும் அளிப்பது நம் கடமை. அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!