அச்சம் ஆண்ட பருத்தி வயல்களில் ஃபேனி லூ ஹேமர்

1962 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள இண்டியனோலா நகர நீதிமன்றத்தின் முன் ஒரு பழைய பேருந்து வந்து நின்றது. ரூல்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த 18 கருப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதற்காக அதில் வந்திருந்தனர். பேருந்து நின்ற பின்னும் இறங்குவதற்கு அவர்கள் தயங்கினர். முதலில் இறங்கி நடந்தவர், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு காலைச் சாய்த்து நடக்கும் 44 வயதுப் பெண். சிறைக்குப் போக நேரிடும் என்றெண்ணி மாற்றுக் காலணி ஒன்றையும் கையோடு எடுத்து வந்திருந்தார். அவர்தான் ஃபேனி லூ ஹேமர்.

அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று கருதுவது அந்த மண்ணை அறியாதவர்களின் பேச்சாகும். கருப்பினத்தவரின் உரிமைக் கோரிக்கையை வேலைநீக்கத்தாலும் கடன் மறுப்பாலும் முறியடிக்கவென உருவான வெள்ளையர் குடிமக்கள் மன்றம் 1954இல் பிறந்தது இதே இண்டியனோலாவில்தான். 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் 1955இல் அடித்துக் கொல்லப்பட்ட கொட்டகை இதே சன்ஃபிளவர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலம் முழுவதிலும் தகுதியுள்ள கருப்பினத்தவருள் 7 விழுக்காட்டினர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஒரு சமூகத்தைத் தேர்தலிலிருந்து விலக்கி வைக்கும் நிர்வாகக் கருவியாகவே அங்கே அச்சம் செயல்பட்டது.

ஃபேனி 1917 அக்டோபர் 6 அன்று, வாரத்துக்குப் பயிரிடும் நிலமற்ற குடும்பத்தில் 20 குழந்தைகளுள் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லீ டவுன்சென்ட் பாப்டிஸ்ட் சபைப் போதகரும் ஆவார். விளைச்சலில் பாதி பண்ணையாருக்குப் போகும். மீதிப் பாதியில் விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் வாங்கிய கடன் கழியும். ஃபேனிக்கு ஆறு வயதானபோது, பருத்தி பறித்தால் பண்ணைக் கடையில் தின்பண்டம் தருவதாகப் பண்ணையார் ஆசை காட்டினார். குழந்தை பறித்தது. அடுத்த வாரம் அதைப்போல் இருமடங்கு கேட்கப்பட்டது. கொத்தடிமை முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை. குடும்பம் அரும்பாடுபட்டுச் சொந்தமாகக் கோவேறு கழுதைகளை வாங்கிச் சற்றே தலைநிமிர்ந்தபோது, யாரோ அவற்றின் தீவனத்தில் நஞ்சு கலந்தனர். குடும்பம் மீண்டும் கடனில் விழுந்தது.

அச்சத்துக்கு அடியில் அதைவிடக் கொடிய ஒன்றும் விதைக்கப்பட்டிருந்தது. பாடுபடும் நாம் பட்டினி கிடக்க, பாடுபடாத வெள்ளையர் உண்பதைக் கண்ட சிறுமி, தான் ஏன் வெள்ளைத் தோலுடன் பிறக்கவில்லை என்று தாயிடம் கேட்டாள். தாய் லூ எல்லா அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. கருப்பாய்ப் பிறந்ததற்காகத் தன்னை மதிக்கக் கற்றுக்கொள்ளும்படி சொல்லி, அரிதின் முயன்று ஒரு கருப்புப் பொம்மையைத் தேடி வாங்கித் தந்தார். பிள்ளைகளைக் காப்பதற்காக வயலுக்குச் செல்லும் வாளியில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் சென்றவரும் அந்தத் தாய்தான். ஃபேனியின் விசுவாசத்தைப் பற்றி எழுதுவோர் தேவாலயத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தப் பொம்மையிலிருந்தும் வாளியிலிருந்தும் தொடங்குவதே சரியென எனக்குப் படுகிறது.

பள்ளிப் படிப்பு ஆறாண்டுகளோடு நின்றது; அதுவும் ஆண்டுக்குச் சில மாதங்களே. அதன்பின் எழுத்தை மறக்காமல் வைத்திருக்க உதவியது திருமறை. பின்னர் பெர்ரி ஹேமரை மணந்து, ரூல்வில்லுக்கு அருகிலிருந்த மார்லோ பண்ணையில் பறிப்பவராகவும் நேரக் கணக்கு எழுதுபவராகவும் 18 ஆண்டுகள் உழைத்தார். 1961இல் கட்டியை அகற்றுவதற்காக மருத்துவமனைக்குச் சென்றவரின் கருப்பை, அவரது ஒப்புதலின்றி அகற்றப்பட்டது. ஏழைக் கருப்பினப் பெண்களுக்கு இது நேர்வது அங்கே அரிதன்று.

1962 ஆகஸ்டில் ரூல்வில்லின் வில்லியம்ஸ் சேப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வானத்தின் குறிகளைப் பார்த்து மழையையும் வெயிலையும் அறிபவர்கள் காலத்தின் குறிகளை அறியாதிருப்பதைக் கடிந்துகொள்ளும் நற்செய்திப் பகுதியை வைத்து ஜேம்ஸ் பெவெல் பிரசங்கித்தார். அடுத்துப் பேசிய ஜேம்ஸ் ஃபோர்மன், வாக்களிப்பது கருப்பினத்தவரின் உரிமை என்று விளக்கினார். தமக்கு அப்படியோர் உரிமை இருப்பதையே ஹேமர் அன்றுதான் அறிந்தார். பொறுத்திருந்து மறுமையில் பலன் பெறுமாறு ஏழைகளுக்குப் போதித்த பிரசங்கங்களுக்கு அந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. அதே நூல், அதே இருக்கைகள். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி வேறாக இருந்தது. பதிவு செய்ய விரும்புவோர் கையுயர்த்துமாறு கேட்டபோது அவர் கையை உயர்த்தினார். தம்மைத் துளித்துளியாகக் கொன்றுகொண்டிருந்தவர்கள் இனிமேல் ஒரேயடியாகக் கொல்லலாம், அவ்வளவுதானே என்று அவர் எண்ணிப் பார்த்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இண்டியனோலாவில் பதிவு அலுவலர் மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார். வழக்கறிஞர்களே தடுமாறக்கூடிய பிரிவு அது. தேர்வில் அவர் தோற்றார். விண்ணப்பத்தில் வேலை செய்யும் இடத்தையும் எழுதியாக வேண்டும். செய்தி முதலாளியை எட்டுவதற்கு அதுவே போதும். திரும்பும் வழியில், பேருந்தின் நிறம் அளவுக்கு மீறி மஞ்சளாக இருப்பதாகச் சொல்லிக் காவலர்கள் ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம் விதித்தனர். பிறகு அது 30 டாலராகக் குறைக்கப்பட, பயணிகள் தம்மிடமிருந்த காசைச் சேர்த்துக் கட்டினர். அச்சம் கவ்வியிருந்த அந்தப் பேருந்துக்குள் ஹேமர் தேவாலயப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர். பின்னர் இயக்கமெங்கும் அறியப்பட்ட அவரது குரல் அன்றுதான் முதன்முதலாக அரசியல் வேலை செய்தது.

வீடு திரும்புமுன்பே பண்ணையார் காத்திருந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் பண்ணையை விட்டு வெளியேறு என்றார். அவர் அன்றிரவே வெளியேறினார். செப்டம்பர் 10 அன்று, அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்தன. அப்போது அவர் அங்கில்லை. டிசம்பரில் மீண்டும் தேர்வெழுதி, 1963 ஜனவரியில் வெற்றி பெற்றார். ஆயினும் வாக்குவரிச் சீட்டு இல்லாததால் உடனே வாக்களிக்க இயலவில்லை.

1963 ஜூன் 9 அன்று, பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய குழுவை வினோனா நகரக் காவலர்கள் கைது செய்தனர். சிறைக்குள் இரண்டு கருப்பினக் கைதிகளிடம் தடியைக் கொடுத்து ஹேமரை அடிக்க வைத்தனர். ஒடுக்கப்பட்டவரின் கையாலேயே ஒடுக்கப்பட்டவரை அடிப்பது எந்த நாட்டிலும் பழைய உத்திதான். சிறுநீரகம் நிலையாகப் பழுதடைந்தது, ஒரு கண்ணின் பார்வை மங்கியது. அடுத்த அறையில் அடிபட்ட அன்னெல் பாண்டர், அடிப்பவர்கள்மேல் இரங்கும்படி கடவுளை வேண்டுவது அவர் காதில் விழுந்தது. அந்தச் சிறையறையில் ஹேமர், ஆண்டவர் தம்மோடு நடக்க வேண்டும் என்று இறைஞ்சும் பாடலைப் பாடினார். வெற்றி முழக்கமாக அதைக் கருதலாகாது. தனியே நடக்க முடியாத ஒருத்தியின் விண்ணப்பம் அது. தண்ணீர் கொடுத்த சிறைக்காவலர் மனைவியிடம், எல்லா இனத்தாரும் ஒரே இரத்தத்தால் ஆனவர்கள் என்னும் அப்போஸ்தலர் நடபடிகளின் பகுதியைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அவர்கள் விடுதலையான ஜூன் 12 அன்றுதான் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. வினோனா காவலர்களை ஆண்டிறுதியில் வெள்ளையர் ஜூரி விடுவித்தது.

1964 ஆகஸ்ட் 22 அன்று, ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிக் குழுவின்முன் அவர் இவையனைத்தையும் கூறினார். குறிப்புச் சீட்டு ஏதும் அவர் கையில் இல்லை. ஒளிபரப்பைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். தொலைக்காட்சிகளோ அன்றிரவே முழு உரையையும் காட்டின. ஹியூபர்ட் ஹம்ஃப்ரி சமரசம் பேசினார். அவருக்குத் துணைத் தலைவர் பதவியா, கருப்பின மக்களின் வாழ்வா எது பெரிது என்று வினவிய ஹேமர், அவருக்காக ஜெபிப்பதாகவும் கூறினார். அடுத்த கூட்டங்களுக்கு ஹேமர் அழைக்கப்படவில்லை. மாநிலப் பிரதிநிதித்துவத்துக்கு ஈடாக இரண்டு இருக்கைகளைத் தர முன்வந்தபோது, படித்த தலைவர்கள் பலரும் ஏற்கச் சொல்லியும் அவரும் தோழர்களும் மறுத்தனர். ஆறாண்டுப் பள்ளிப் படிப்புக்காரர் தம் தீர்ப்பை நம்பக் கற்றிருந்தார்.

வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. வாக்கு மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதை அறிந்த அவர், 1969இல் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பண முடையாலும் இயற்கைச் சீற்றத்தாலும் அது சில ஆண்டுகளில் நலிந்தது. வினோனாவின் காயங்களோடும் புற்றுநோயோடும் போராடி, கையில் பணமின்றி, 1977 மார்ச் 14 அன்று 59ஆம் வயதில் மறைந்தார். ஐக்கிய நாடுகள் அவைக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங் இரங்கலுரை ஆற்றினார். இறுதிச் சடங்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் கையுயர்த்திய வில்லியம்ஸ் சேப்பலில் நடந்தது. வந்தோர் அனைவருக்கும் அங்கே இடம் போதவில்லை.